எடை குறைந்தால்தான் குஞ்சு வரும்

வான்கோழி முட்டையை வீட்டு இன்குபேட்டரில் அடை வைப்பவர்கள் வறட்சிக்குத்தான் அதிகம் அஞ்சுகிறார்கள். 28 நாள் கடந்தும் ஓடு விரியாத முட்டையை உடைத்துப் பார்த்தால், முழுதாக வளர்ந்த குஞ்சு உள்ளேயே செத்துக் கிடக்கும். ஈரப்பதம் போதவில்லை என்று முடிவுகட்டி, அடுத்த தடவை இன்னொரு கிண்ணம் தண்ணீர் வைப்பார்கள். பல வேளைகளில் இந்த வைத்தியமே நோயாகிவிடும். முட்டைக்குள் நீர் தங்குவதைப் போலவே, உரிய அளவு நீர் வெளியேறுவதும் குஞ்சுக்கு உயிர்ப் பிரச்சினை.

கரு தன் ஆற்றலை மஞ்சள் கருவின் கொழுப்பிலிருந்து பெறுகிறது. கொழுப்பு எரியும்போது புதிதாக நீர் உண்டாகிறது. அது ஓட்டின் நுண்துளைகள் வழியே ஆவியாகியே தீர வேண்டும். நீர் விட்டுச்சென்ற இடத்தில்தான் முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறை விரிகிறது. ஓட்டை உடைப்பதற்கு முன் குஞ்சு முதலில் இந்த அறைக்குள் அலகை நீட்டி நுரையீரலால் மூச்சு விடுகிறது. நீர் போதிய அளவு போகாவிட்டால் காற்றறை சிறுத்துவிடும். ஊதிப்போன குஞ்சு திரும்ப இடமின்றி மூச்சுத் திணறிச் சாகும். பறவை முட்டைகளின் நீரிழப்பை ஆராய்ந்து 1974இல் கட்டுரை வெளியிட்டவர்கள் ஹெர்மன் ரான், ஆமோஸ் ஆர் ஆகியோர். இனம் எதுவானாலும், அடைகாலத்தில் முட்டை தன் தொடக்க எடையில் சராசரியாக 15 சதவீதத்தை நீராக இழக்கிறது என்பது இத்தகைய ஆய்வுகள் காட்டிய உண்மை. வான்கோழி முட்டைக்கு முதல் 25 நாளில் 11 முதல் 13 சதவீதம் குறைவது சரியான அளவு.

முதல் 25 நாளுக்கு 55 முதல் 60 சதவீத ஈரப்பதம் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் எவ்வளவு தண்ணீர் வைத்தால் அது கிடைக்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். சென்னையில் 30 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமலே பெட்டிக்குள் ஏறக்குறைய 49 சதவீதம் இருக்கும். உள்மாவட்டத்தில் கோடையின் 34 டிகிரி, 30 சதவீதக் காற்று அதே பெட்டியில் 25 சதவீதம்தான் தரும். மலிவான ஈரப்பதமானிகள் பிழை காட்டுவதும் உண்டு. ஓட்டின் துளைகளும் முட்டைக்கு முட்டை வேறுபடும். ஆகவே காற்றை அளப்பதைவிட முட்டையை நிறுப்பதே நம்பகமான வழி. ஒரு முட்டை நாளுக்கு அரை கிராம்கூடக் குறையாது. சமையலறைத் தராசு அதைக் காட்டாது. பத்து முட்டைகளைச் சேர்த்து நிறுத்தால் காட்டும். 800 கிராம் இருந்தால், ஏழாம் நாளில் சுமார் 27 கிராம் குறைந்திருக்க வேண்டும். குறைவு அதற்கும் கீழே என்றால் தண்ணீரை எடுத்துவிடலாம்; மிஞ்சினால் கூட்டலாம். கருக்கூடாத முட்டைகளை நீக்கிய பிறகு சராசரியைக் கொண்டு கணக்கிட்டால் போதும்.

அடைக்கோழி எந்தத் தராசைப் பார்த்தது என்று கேட்கலாம். கோழியின் வயிற்றடியும் கூட்டின் காற்றும் சேர்ந்த சூழலுக்கு ஏற்பவே ஓட்டின் துளைகள் அமைந்திருக்கின்றன. விசிறி சுழலும் பெட்டி அந்தச் சூழல் அன்று. ஈரம் குறைந்து சவ்வு காய்ந்து குஞ்சோடு ஒட்டிக்கொள்வதைக் கண்ணால் கண்டவர்கள் இருக்கிறார்களே என்பது இன்னொரு வாதம். அதுவும் உண்மையே. ஆனால் அந்த ஆபத்து குஞ்சு ஓட்டை உடைக்கத் தொடங்கிய பின் வருவது. அதனால்தான் கடைசி மூன்று நாளில் முட்டையைத் திருப்புவதை நிறுத்தி, ஈரப்பதத்தை 65 முதல் 75 சதவீதத்துக்கு உயர்த்துகிறோம், மூடியையும் திறப்பதில்லை. கடைசி நாட்களின் தேவையை முதல் நாளிலிருந்தே நடைமுறையாக்குவதுதான் பிழை.

தப்பிய வெப்பம், திருப்பாத முட்டை, தாய்ப்பறவையின் தீவனக் குறை ஆகியவையும் குஞ்சைக் கொல்லும்; எடை சரியாக இருப்பது மட்டுமே வெற்றிக்கு உத்தரவாதம் ஆகாது. ஆனால் மற்ற பல கோளாறுகள் முட்டையை உடைத்த பிறகே தெரியவரும். நீர்க்கணக்கின் பிழையோ முதல் வாரத்திலேயே தராசில் தெரிந்துவிடும்; கோழி முட்டையைவிட ஒரு வாரம் கூடுதலாக அடையில் இருக்கும் வான்கோழி முட்டையில், அதைத் திருத்த இன்னும் 18 நாள் கையில் இருக்கும்.