மணமுடிக்க வந்த ஆசிரியைக்கு லண்டனில் நேர்ந்த கொடுமை!

1979-ம் ஆண்டு, ஜனவரி 24-ந் தேதி.

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இந்தியப் பெண் ஒருவர் வந்து இறங்கினார். பள்ளி ஆசிரியை. வயது 35. லண்டனில் இருந்த ஒருவருக்கு அவர் நிச்சயம் செய்யப்பட்டிருந்தார். கலியாணத்துக்குத்தான் அவ்வளவு தூரம் வந்தார்.

அதிகாரிகள் விசாரித்தார்கள். அவர் சொன்னதை நம்பவில்லை.

அப்படி என்ன சந்தேகம்?

"இவருக்கு முன்பே கலியாணம் ஆகியிருக்கும்" என்பதுதான்! 35 வயதைப் பார்த்ததும் அந்த எண்ணம் வலுத்தது.

ஆகியிருந்தால் என்ன? அங்கேதான் சட்டம் குறுக்கே நின்றது.

அந்த நாள் சட்டப்படி, கணவரிடம் வரும் மனைவி, சொந்த நாட்டிலேயே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அதற்காக நெடுநாள் காத்துக் கிடக்க வேண்டும். மணப்பெண்ணுக்கு அப்போது அந்தச் சீட்டு தேவைப்படவில்லை. மூன்று மாதத்துக்குள் மணம் முடித்தால் போதும். ஆகவே, மனைவியே மணப்பெண் என்று சொல்லி வருகிறாரோ என்று நினைத்தார்கள்.

டாக்டர் சோதனை

அவர் கன்னிப்பெண்தானா என்று ஓர் ஆண் டாக்டர் உடலைச் சோதித்தார்!

தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். அதற்குப் பெயர் சம்மதம்! மறுத்தால் திருப்பி அனுப்பி விடுவார்களே என்று பயந்துதான் அவர் இணங்கினார்.

இத்தனைக்கும், இப்படிச் சோதித்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. மருத்துவம் அப்படித்தான் சொல்கிறது.

பிறகு அவரை ஊருக்குள் விட்டார்கள்.

ஒரு வாரத்தில் "கார்டியன்" பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. இந்தியா கொதித்தது. இங்கிலாந்து உள்நாட்டு மந்திரி மெர்லின் ரீஸ், இந்தச் சோதனைக்குத் தடை போட்டார்.

ஆண்களுக்கும் கேள்வி

அடுத்த ஆண்டு மாப்பிள்ளைகளுக்குச் சிக்கல் வந்தது. "இந்தக் கலியாணத்தின் முக்கிய நோக்கம் இங்கிலாந்தில் குடியேறுவதுதான்" என்று அதிகாரி கருதினால் மாப்பிள்ளைக்கு அனுமதி இல்லை என்றது 1980-ம் ஆண்டு விதி. மனைவி மேல் உள்ள ஆசைக்கு யாரிடம் போய் ரசீது வாங்குவது? அந்த விதியால் எத்தனையோ தம்பதிகள் பிரிந்து கிடந்தார்கள். 1997-ல்தான் அது ரத்தானது.

ஹீத்ரோ சம்பவம் நடந்தபோது, இதுபோல் மிகச் சிலருக்கே நடந்ததாக இங்கிலாந்து சர்க்கார் சொன்னது. 2011-ல் பழைய ரகசியக் காகிதங்கள் வெளியே வந்தன. குறைந்தது 80 பெண்கள் சோதிக்கப்பட்டது தெரிந்தது. அவர்களில் மிகப் பலர் விமானம் ஏறும் முன்பே, இந்தியாவில் பிரிட்டிஷ் தூதரகத்துக்கு அனுமதி கேட்கப் போனபோது, இந்தச் சோதனைக்கு ஆளானவர்கள்.