சிங்கப்பூரில் வெளிநாட்டவர் வாழ்வு: அன்றாடத்தைத் தீர்மானிக்கும் அனுமதி அட்டை

தொழில் நிமித்தம் பிறநாடு சென்று வாழ்பவர் அந்நாட்டைப் பற்றி எழுதும்போது வெப்பம், உணவு, போக்குவரத்து ஆகிய மூன்றுமே முதலில் இடம்பிடிப்பது வழக்கம். சிங்கப்பூரைப் பற்றிய பதிவுகளும் இதற்கு விதிவிலக்கல்ல. 2024 ஜூன் மாதக் கணக்கின்படி அங்கு வாழ்ந்த 60 இலட்சத்து 40 ஆயிரம் பேரில் 18 இலட்சத்து 60 ஆயிரம் பேர் பிரஜைகளோ நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர்களோ அல்லர். அதாவது, பத்துப் பேரில் மூவர் வெளிநாட்டவர். ஆனால், இவர்கள் அனைவரும் ஒரே நகரில் வாழ்கின்றனரா என்பதே நாம் இங்கு கவனத்திற் கொள்ள வேண்டிய கேள்வியாகும்.

ஐரோப்பாவிலிருந்து வரும் ஒரு வங்கி அதிகாரியையோ கணினிப் பொறியியலாளரையோ எடுத்துக்கொள்வோம். 'எக்ஸ்பாட்' என்று ஆங்கிலத்தில் அழைக்கப்படுபவர் இவரே. பூமத்திய கோட்டுக்கு ஒன்றரைப் பாகைக்கும் குறைந்த தூரத்தில் அமைந்த அந்நகரில் பருவங்கள் மாறுவதில்லை. பகலும் இரவும் ஆண்டு முழுவதும் ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். 1982 இல் கடிகாரம் அரை மணி நேரம் முன்னகர்த்தப்பட்டதால் காலை ஏழு மணியளவிலேயே சூரியன் உதிக்கிறது. பிள்ளைகள் இருளில் பாடசாலைக்குப் புறப்படுவது புதிதாக வந்தவருக்கு வியப்பளிக்கும்.

வெப்பத்தை அவர் நெடுநேரம் அனுபவிக்க வேண்டியதில்லை. வீடு, ரயில், அலுவலகம், கடைத்தொகுதி யாவும் குளிரூட்டப்பட்டவை. வெப்ப வலய நாடுகளின் முன்னேற்றத்திற்குக் குளிரூட்டி இன்றியமையாதது என்பது அந்நாட்டின் முதற் பிரதமர் லீ குவான் யூவின் உறுதியான கருத்தாக இருந்தது. மதிய உணவுக்கு அங்காடி உணவு நிலையங்கள் உண்டு. இவற்றின் உணவுப் பண்பாடு 2020 டிசெம்பரில் யுனெஸ்கோவின் மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இந்நிலையங்களில் சீன, மலாய், இந்திய உணவுகள் அருகருகே விற்கப்படுகின்றன.

இந்த வசதிகளுக்கும் எல்லை உண்டு. 2025 இல் 'எம்ப்ளோய்மென்ட் பாஸ்' பெறுவதற்கான ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 5,600 சிங்கப்பூர் டொலராகவும், நிதித்துறையில் 6,200 டொலராகவும் உயர்த்தப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் 60 சதவீத மேலதிக முத்திரை வரி செலுத்த வேண்டும். தொழில் பறிபோனால் சில வாரங்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேற நேரிடும். எவ்வளவு உயர்ந்த சம்பளம் பெற்றாலும் அவரும் தற்காலிக விருந்தாளியே.

எனினும், அவர் குடியிருக்கும் கட்டடத்தைக் கட்டியவரும் அவரது வீட்டில் சமைப்பவரும் வெளிநாட்டவரே. அவர்களை எவரும் 'எக்ஸ்பாட்' என அழைப்பதில்லை. அவர்களிடம் இருப்பது 'வேர்க் பேர்மிட்' எனும் வேறோர் அட்டை. மாதம் 6,000 டொலர் சம்பளம் பெறும் நிபுணர் தமது மனைவி, மக்களை அழைத்து வரலாம். தொழிலாளிக்கு அந்த உரிமை இல்லை. அவர் அந்நாட்டுப் பிரஜை ஒருவரைத் திருமணம் செய்வதற்கும் அரசின் அனுமதி வேண்டும். வீட்டுப் பணிப்பெண்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். கர்ப்பப் பரிசோதனையும் அதில் அடங்கும். மாதத்தில் ஒரு நாளையேனும், பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாத கட்டாய ஓய்வு நாளாக அவர்களுக்கு வழங்க வேண்டும் என்ற விதி 2023 இலேயே நடைமுறைக்கு வந்தது.

ஆகவேதான் ஞாயிற்றுக்கிழமை அந்நகரம் வேறு முகம் காட்டுகிறது. ஓர்ச்சர்ட் வீதியின் லக்கி பிளாசாவில் பிலிப்பைன்ஸ் பெண்கள் கூடுகின்றனர். லிட்டில் இந்தியாவில் தமிழகத் தொழிலாளரும் பங்களாதேஷ் தொழிலாளரும் திரள்கின்றனர். வாரநாட்களில் அவர்கள் கட்டுமானத் தலங்களிலும், நகரின் ஓரங்களில் அமைந்த விடுதிகளிலும் இருப்பதால் எவர் கண்ணிலும் படுவதில்லை. பலர் லொறிகளின் பின்புறத்தில் அமர்ந்தே வேலைக்குச் செல்கின்றனர். இதனைத் தடைசெய்யுமாறு 2023 இல் எழுந்த கோரிக்கையை அரசு ஏற்கவில்லை.

இந்த இடைவெளியின் விளைவை 2020 ஆம் ஆண்டின் கொவிட் தொற்று வெளிப்படுத்தியது. நெருக்கமான விடுதிகளில் தங்கியிருந்த மூன்று இலட்சத்துக்கும் அதிகமான தொழிலாளரில் கிட்டத்தட்ட பாதிப்பேர் அவ்வாண்டு முடிவதற்குள் தொற்றுக்குள்ளாகினர். வெளியே ஏனைய மக்களிடையே தொற்று மிகக் குறைவாகவே இருந்தது.

சிறிய நிலப்பரப்பும் குறைந்த பிறப்பு வீதமும் கொண்ட ஒரு நாடு குடிவரவைக் கட்டுப்படுத்தாமல் இருக்க முடியாது என்ற வாதத்தை நாம் மறுக்கவில்லை. ஊரில் கிடைக்காத வருமானம் அங்கே கிடைப்பதும் உண்மையே. ஆனால், எத்தனை பேரை அனுமதிப்பது என்பது ஒரு கேள்வி. அனுமதித்தவரை எவ்வாறு நடத்துவது என்பது மற்றொரு கேள்வி. முதலாவதற்கான நியாயத்தைக் கொண்டு இரண்டாவதை மூடிமறைக்க இயலாது.

இது எமக்கும் அந்நியமான விடயமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், ஆங்கிலக் கல்வி பெற்ற யாழ்ப்பாணத்தவர் பலர் மலாயாவின் ரயில்வே திணைக்களத்திலும் அரச அலுவலகங்களிலும் பணியாற்றச் சென்றனர். அவர்களுள் பலர் குடும்பத்தோடு அங்கேயே வேரூன்றினர். சிங்கப்பூரின் சிலோன் வீதியில் உள்ள ஸ்ரீ செண்பக விநாயகர் ஆலயம் அதன் சாட்சி. 1915 இல் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். இராஜரத்தினம் அந்நாட்டின் முதல் வெளிநாட்டமைச்சரானார். அதன் தேசிய உறுதிமொழியின் மூலவரைவை எழுதியவரும் அவரே. வந்தவருக்கு வேரூன்ற இடமளித்தால் அவர் நாட்டுக்கு என்ன தருவார் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இன்று இலங்கையிலிருந்து வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்பவருக்கு அந்த வாசல் திறந்திருக்கவில்லை. எனவே, வெளிநாட்டு வேலை ஒன்று வரும்போது 'சம்பளம் எவ்வளவு?' என்று மட்டும் எமது குடும்பங்கள் கேட்பது போதாது. எந்த அட்டையில் செல்வது, ஓய்வு நாள் உண்டா, தங்குமிடம் எத்தகையது, பிள்ளைகளை எத்தனை ஆண்டுகள் பிரிந்திருக்க நேரும் என்பனவும் கேட்கப்பட வேண்டும். அனுப்பும் அரசுகள் இக்கேள்விகளை வாங்கும் அரசுகளிடம் எழுப்பவும் வேண்டும். வருமானத்தை மட்டும் கணக்கிட்டு அவற்றைக் கேளாதிருப்பது, தம் மக்களின் வியர்வையில் பங்கு கொண்டு அவர்களது துன்பத்தில் பங்கு கொள்ள மறுப்பதற்கு ஒப்பானதாகும்.