வெலிக்கடைச் சிறைச்சாலை: ஒரு வரலாற்று நோக்கு

மணிமேகலைக் காப்பியத்தின் ஒரு காதை, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக மாற்றப்பட்டதைப் பொருளாகக் கொண்டது. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையிலும், பொய்ப்பழியாற் சிறையிடப்பட்ட வார்த்திகனைப் பாண்டியன் விடுவித்த செய்தி உண்டு. தம்பிலுவில் முதலாய கிழக்குக்கரை ஊர்களில், கண்ணகி வழக்குரை படிக்கப்படுந்தோறும், அரசநீதி தவறியமை பற்றிய நினைவு வழிபாட்டோடு கலந்து மக்களிடையே நிலைபெற்று வந்துள்ளது. ஆயினும் அவ்விலக்கியங்கள் காட்டும் சிறை வேறு; இன்று நாம் காணும் சிறை வேறு. முன்னையது பெரும்பாலும் மன்னனின் முடிவு வரும்வரை ஒருவனை அடைத்துவைத்த இடம். காலத்தையே தண்டனையாக அளந்து கொடுக்கும் நிறுவனமோ முதலாளித்துவத்தின் உடன்பிறப்பு. (எமது பேச்சுவழக்கில் அதற்கு ‘மறியல்’ என்று பெயர். தமிழகத்தில் அதே சொல் போராட்ட வடிவமொன்றைக் குறிப்பது சொல்லாராய்ச்சியாளர் கவனத்துக்குரியது.)

வெலிக்கடைச் சிறைச்சாலை கொழும்பு பொரளைப் பகுதியில் 1841இல் பிரித்தானியரால் அமைக்கப்பட்டது. இவ்வாண்டு மனங்கொள்ளத்தக்கது. 1830களின் தொடக்கத்தில் இராசகாரியம் ஒழிக்கப்பட்டு, உழைப்பு கடமையினின்றும் ‘விடுதலை’ பெற்றது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமை நிறுவ முடியாத நிலங்களை முடிக்குரியனவாக்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு வழிதிறந்தது. மறு ஆண்டில் வந்த 5ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், கூலியாள் வேலை ஒப்பந்தத்தை மீறுவதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கிற்று. தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளி குற்றவாளியானான். இந்நிலை 1920களின் தொடக்கம்வரை முற்றாக நீங்கவில்லை. வெலிக்கடையின் கற்களை இச்சட்டமே அடுக்கிற்று என்பது மிகைக்கூற்று. ஆனால் நிலம், கூலி, சிறை ஆகிய மூன்றும் ஓரிரு ஆண்டுகளுள் ஒருங்கு அமைந்ததைத் தற்செயல் எனவும் தள்ளிவிட முடியாது. ஒவ்வோர் உற்பத்தி முறையும் தனக்கு இயைந்த தண்டனை முறையைத் தேடிக்கொள்கின்றது என ருஷ, கேர்க்ஹைமர் ஆகிய இருவரும் 1939இல் நிறுவிய கருத்துக்கு இலங்கை தரும் சான்று இது.

1877ஆம் ஆண்டின் சிறைச்சாலைகள் கட்டளைச்சட்டம் நிருவாகத்தை ஒழுங்குபடுத்தியது; 1905இல் சிறைத்துறை பொலிசினின்றும் பிரிக்கப்பட்டது. தச்சுவேலை, தையல், சலவை, வெதுப்பகம் முதலிய தொழிற்கூடங்களும், சிறைச்சாலை வைத்தியசாலையும், தூக்குமேடையும் வெலிக்கடையில் உள்ளன. மகசீன் சிறையும் கொழும்பு விளக்கமறியற் சாலையும் அயலிலேயே அமைந்துள்ளன. உட்கட்டடங்களுள் ‘சப்பல்’ பகுதி எனப்படுவது சிலுவை வடிவில் நான்கு கிளைகளாகப் பிரிவது. ஒவ்வொரு கிளையையும் தனித்தனியே பூட்டலாம். நடுவில் நிற்பவன் நான்கையும் நோக்கலாம். அக்காலத்து ஐரோப்பியச் சிறைக்கலையின் எண்ணம் இதில் வெளிப்படை.

1915 கலவரத்தின்போது ஹென்றி பேதிரிஸ் இங்கே சுட்டுக்கொல்லப்பட்டார். கொக்கோஸ் தீவிற் கிளர்ச்சி செய்த படைவீரர் கிராசியன் பெர்னாண்டோ 1942இலும், பிரதமர் பண்டாரநாயக்காவைக் கொன்ற சோமராம 1962இலும் இங்கே தூக்கிலிடப்பட்டனர். 1976இன் பின் இலங்கையில் மரணதண்டனை நிறைவேற்றப்படவில்லை. அதே 1942இல், கண்டிப் போகம்பறைச் சிறையிலிருந்து என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தனா, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய சமசமாசத் தலைவர்கள் தப்பியபோது, சிறைக்காவலர் ஒருவரும் அவர்களோடு வெளியேறினார். பூட்டினவனும் பூட்டப்பட்டவனும் ஒரே பக்கம் நின்ற அரிய கணம் அது.

1983 யூலையில் இக்கணம் தலைகீழாயிற்று. பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் (1979) கீழ்ப் பிடிக்கப்பட்ட தமிழ்க் கைதிகள் சப்பல் பகுதியின் கீழ்த்தளக் கிளைகளில் அடைக்கப்பட்டிருந்தனர். யூலை 25ஆம் நாள் பிற்பகல், சிறைக்கைதிகள் கூட்டமொன்று பூட்டுகள் திறபட உள்நுழைந்து 35 பேரைக் கொன்றது. குட்டிமணி, தங்கத்துரை, ஜெகன் ஆகியோர் அவர்களுட் சிலர். எஞ்சியோர் இளங்குற்றவாளிகள் பகுதிக்கு மாற்றப்பட்டனர். 27ஆம் நாள் அங்கும் 18 பேர் கொல்லப்பட்டனர். காந்தியம் இயக்கத்தின் வைத்தியர் இராசசுந்தரமும் அவர்களுள் ஒருவர். படைப்பிரிவொன்று தலையிட்ட பின்னரே மற்றையோர் பிழைத்தனர். மட்டக்களப்புக்கு அனுப்பப்பட்ட அவர்களிற் பலர் செப்டெம்பர் 23ஆம் நாள் அச்சிறையை உடைத்து வெளியேறினர். மரண விசாரணை, இறந்தோர் கொலையுண்டனர் என்றே முடிவு கூறியது. எனினும் எவரும் தண்டிக்கப்படவில்லை.

இங்கு எம்மைப் போன்றோர் ஒன்றை நேர்மையுடன் ஒப்புக்கொள்ளல் வேண்டும். கூலியுழைப்பின் ஒழுக்கத்தைக் கொண்டு 1841ஐ விளக்கிய நமது கோட்பாடு, 1983இன் முன் தடுமாறுகின்றது. அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே சுவருக்குள் அடைபட்டவர்; அடித்தவருட் பெரும்பாலோர் ஏழைகள். தேசிய இனப் பிரச்சினையை வர்க்கப் போராட்டத்தின் பின்னிணைப்பாக மட்டும் கருதிவந்த எமது இடதுசாரி மரபு, அரசு அந்த ஏழைகளையே இனத்தின் பெயராற் கருவியாக்கும் என்பதைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. எண்பதுகளின் நடுவில் கிழக்குக்கரை இளைஞர் பலர் காலிக்கருகிலுள்ள பூசா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டபோதும், தீவின் மறுகோடிக்குப் பயணஞ்செய்த தாய்மாரின் துயர் தென்னிலங்கைத் தொழிற்சங்க மேடைகளில் அரிதாகவே ஒலித்தது. பின்னர் அதே பூசாவில் தென்னிலங்கை இளைஞரும் அடைக்கப்பட்டனர்.

2012 நவம்பரில் வெலிக்கடையில் மீண்டும் 27 கைதிகள் கொல்லப்பட்டனர். அதற்காக முன்னாட் சிறை உயரதிகாரி ஒருவருக்குக் கொழும்பு மேல் நீதிமன்றம் 2022 ஜனவரியில் மரணதண்டனை விதித்தது.

மனித உரிமைகள் ஆணைக்குழு 2020இல் வெளியிட்ட சிறைச்சாலை ஆய்வு, இடநெருக்கடியால் கைதிகள் முறைவைத்துத் துயில்வதையும், இரவில் மலசலகூட வசதியற்ற அறைகளில் வாளிகளைப் பயன்படுத்துவதையும் பதிவுசெய்துள்ளது. தண்டனை பெற்று இலங்கைச் சிறைகளுக்கு வருவோருட் பெரும்பாலோர் பெருங்குற்றம் புரிந்தவர் அல்லர். நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தைக் கட்ட இயலாதவர்.