ஒரு கோப்பு, மூன்று கணினிகள்

பிள்ளைகள் ஓர் ஊர், நாம் ஓர் ஊர் என்று வாழும் நம் குடும்பங்களில், ஒரே கோப்பு பல கணினிகளில் இருப்பது சகஜமாகிவிட்டது. எங்கள் வீட்டில் அது என் மனைவியின் மருந்துப் பட்டியல். நாக்பூரில் என்னிடம் ஒரு பிரதி. புனேயில் மகளிடமும் பெங்களூரில் மகனிடமும் ஒவ்வொன்று.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் இரண்டு நாள் இன்டர்நெட் இல்லை. அப்போது மகன் ரிப்போர்ட்டுகளை பெங்களூர் டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னபடி இரவு மாத்திரையைப் பாதியாகக் குறைத்துப் பட்டியலில் எழுதினான். அப்பா பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டான். மறுநாள் நான் என் பழைய பிரதியில் சர்க்கரை அளவைக் குறித்தேன். இணைப்பு வந்ததும், "கடைசியாக எழுதியதே சரி" என்ற விதிப்படி என் கோப்பு எல்லோருக்கும் போயிற்று. மகன் எழுதியது அழிந்தது. நல்லவேளையாக மகள் முந்தைய பட்டியலைப் பார்த்திருந்தாள். "அப்பா, மாத்திரை பாதிதானே? இதில் முழுசாக இருக்கே!" என்று போன் செய்தாள்.

கோளாறு இன்டர்நெட்டில் இல்லை, விதியில்தான். கடைசியாக எழுதியது வேறு, முழுமையானது வேறு.

ரயில்வேயில் ஒற்றைப் பாதைக்கு டோக்கன் உண்டு. ஒரு டோக்கனை எடுத்துவிட்டால், அது மறுபடி கருவிக்குள் போகும் வரை இரு நிலையங்களிலும் இன்னொன்று வெளிவராது. கம்பி அறுந்தால் டோக்கனே வராது, வண்டி நிற்கும். ஆனால் வீட்டில் இணைப்பு இல்லையென்று எழுதாமல் இருக்க முடியுமா? ஆகவே மோதல் வரத்தான் செய்யும். வந்தால் எதையும் அழிக்காத நிரல் வேண்டும்.

2013-இல் வெளிவந்த 'சின்க்திங்' என்ற இலவச நிரல் அப்படிப்பட்டது. எந்தக் கணினி எத்தனை முறை மாற்றியது என்ற கணக்கை அது ஒவ்வொரு கோப்புக்கும் வைத்திருக்கும். இரு பிரதிகளில் ஒவ்வொன்றிலும் மற்றதில் இல்லாத மாற்றம் இருந்தால், பழைய நேரம் கொண்டதை அழிக்காமல், தேதியோடு வேறு பெயரிட்டு வைக்கும். இரண்டையும் படித்து ஒன்றாக்குவது நம் வேலை. கோப்பைத் துண்டுகளாகப் பிரித்து, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்புவதால் மெதுவான இணைப்பிலும் தாக்குப்பிடிக்கும்.

நாங்கள் இப்போது கடைப்பிடிப்பவை:

1. ஒரு கோப்புக்கு ஒருவரே எழுத்தர். மருந்துப் பட்டியல் மகனுடையது. சர்க்கரைக் கணக்கு என்னுடையது.

2. எழுதியபின், கோப்பு போய்ச் சேர்ந்ததைப் பார்த்த பிறகே கணினியை அணைப்பது.

3. ஒரு கணினியில் அழித்தால் மற்றவற்றிலும் அழிந்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை பென் டிரைவில் தனிப் பிரதி.

4. மருந்து மாறினால் போனிலும் சொல்வது. கருவி பழுதானால் ஸ்டேஷன் மாஸ்டர்கள் டெலிபோனில் பேசித்தான் வண்டி விடுவார்கள். வீட்டுக்கும் அது பொருந்தும்.