ஒரே அரிச்சுவடியும் பல வாசல்களும்

ஜாவாவின் கிராமங்களில் முன்பு அந்தி நேர மஃரிபு தொழுகை முடிந்ததும் சிறுவர்கள் 'லங்கர்' எனும் சிறு தொழுகையிடத்திலேயே அமர்ந்துவிடுவார்கள். விளக்கொளியில், அரபு எழுத்துகளைக் கற்பிக்கும் பக்தாதி அரிச்சுவடி விரியும். அலிஃப் ஜபர் அ, அலிஃப் ஜேர் இ என்று கூட்டிக் கூட்டி ஓதுவார்கள். பிறகு ஒவ்வொருவராக ஆசிரியர் முன் சென்று ஓதிக்காட்ட வேண்டும். அந்த முறைக்குச் சொரோகன் என்று பெயர். யார் எந்த வரியில் இடறுவார் என்பது ஆசிரியருக்கு மனப்பாடம். வேகம் ஆளுக்கு ஆள் மாறலாம்; பாதை ஒன்றுதான். ஆண்டுக்கணக்கில் கூட்டி ஓதியும் சரளம் வராமல் நின்றுபோனவர்கள் இருந்தார்கள். பொருள் கேட்கும் பழக்கமும் குறைவு.

1950-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் இந்தோனேசிய அரசுப் பள்ளிகளில் சமயப் பாடத்துக்கு இடம் தந்தது. பாடம் வகுப்பறைக்குள் வந்தபோது, ஒவ்வொருவராக ஓதிக்காட்டும் வழக்கம் வாசலிலேயே நின்றுவிட்டது. லங்கரில் குர்ஆனை ஓதி முடித்த பிள்ளைக்கும் அலிஃபையே அறியாத பிள்ளைக்கும் ஒரே பக்கம், ஒரே தேர்வு. முதல் பிள்ளை சலித்தது. அடுத்தது கூட்டத்தோடு உதட்டை மட்டும் அசைத்தது.

இந்தக் குறையைப் பள்ளிக்கு வெளியே இருந்த ஒருவர் தீர்க்க முயன்றார். யோக்யகர்த்தாவின் கோத்தகெடேயைச் சேர்ந்த அஸ்அத் ஹுமாம் 1980-களில் உருவாக்கிய 'இக்ரா' ஆறு சிறு நூல்கள் கொண்டது. எழுத்துக்கூட்டல் இல்லை, பார்த்தவுடன் ஓத வேண்டும். தன் பக்கம் தேறிய பிள்ளை அடுத்த பக்கம் போகும். பக்கத்தில் இருப்பவருக்காகக் காத்திருக்காது. மாணவருக்கு மாணவர் வேறுபடுத்திக் கற்பித்தல் என்று இன்று ஆசிரியர் பயிற்சிகளில் சொல்லப்படுவதன் பெரும்பகுதி அதில் ஏற்கெனவே இருந்தது என்றே நினைக்கிறேன்.

2022-இல் வந்த 'மெர்டேகா' எனும் தேசியப் பாடத்திட்டம் அந்த வேறுபடுத்திக் கற்பித்தலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. முதலில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள்; பிறகுதான் பாடம். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஒளு செய்யும் முறை என்றால் ஒரு குழு படங்களை வரிசைப்படுத்தும், இன்னொன்று குழாயடியில் செய்துகாட்டும், நன்கு அறிந்தவர்கள் மற்றவர்களுக்கு விளக்குவார்கள். உதட்டை மட்டும் அசைத்த பிள்ளைக்கு இப்போது கையில் ஒரு வேலை இருக்கிறது, ஏன் என்று கேட்கும் துணிவும் வந்திருக்கிறது. இதைச் சிறிய ஆதாயமாகக் கருத என்னால் முடியவில்லை.

ஆனால் நேரம் குறைந்தது. லங்கரில் நாள்தோறும் மஃரிபு முதல் இரவுத் தொழுகையான இஷா வரை நேரம் இருந்தது. 2013 பாடத்திட்டத்தில் தொடக்கப் பள்ளிக்கு வாரத்துக்கு 4 பாடவேளை, ஒவ்வொன்றும் 35 நிமிடம். 2022-இன் அமைப்பில் வகுப்புப் பாடத்துக்கு 3; நான்காவதன் நேரம் செயல்திட்டங்களுக்குப் போயிற்று. வாரத்தில் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் ஆசிரியர் நிலையறிந்து, குழு பிரித்து, மூன்று விதமாகக் கற்பிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் தனியே கேட்க அதில் இடமில்லை. அதற்காகப் பெற்றோர் மாலையில் குர்ஆன் வகுப்புகளுக்கு அனுப்புகிறார்கள். பிள்ளைகள் அங்கே இக்ராவை ஏந்தி, முன்போலவே ஒவ்வொருவராக ஆசிரியர் முன் அமர்கிறார்கள்.