முளையில் பிறக்கும் இனிப்பு

ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும். அதன் பிறகு தாய்ப்பாலுடன் இணை உணவும் சேர வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த முதல் கிண்ணக் கூழுக்கு இனிப்பு எங்கிருந்து வர வேண்டும் என்பது வெறும் சமையலறைக் கேள்வியாகத் தோன்றலாம். பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், அதில் காலத்தின் விலையும் அடங்கியிருப்பதாகக் கருதுகிறேன்.

2024 ஏப்ரலில் ஸ்விட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் விற்கப்பட்ட 'செரிலாக்' மாவில் ஒரு வேளை அளவுக்குச் சராசரியாக 2.7 கிராம் சர்க்கரை சேர்க்கப்பட்டிருந்ததாகவும், ஜெர்மனி, பிரிட்டன் நாடுகளில் ஆறு மாதக் குழந்தைகளுக்கான கோதுமை வகையில் அது சேர்க்கப்படவில்லை என்றும் அந்த அறிக்கை கூறியது. சர்ச்சைக்குப் பின், சுத்திகரிக்கப்பட்ட சர்க்கரை இல்லாத வகைகளை அதே ஆண்டில் நிறுவனம் இங்கும் அறிவித்தது.

சர்க்கரைக்கு மாற்றாக வெல்லம், கருப்பட்டி, தேன் ஆகியவற்றை நாடுவோர் பலர். இது சரியான மாற்று அன்று. வெல்லமும் காய்ச்சி இறுகிய கரும்புச் சாறுதான். சிறிதளவு தாதுச்சத்து இருப்பதால் அது சர்க்கரை அல்ல என்றாகிவிடாது. தேனோ, 'பாட்டுலிசம்' என்ற நச்சுநோய்க்கு வழிவகுக்கக் கூடும் என்பதால் ஓராண்டு நிறையாத குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

உண்மையான இயற்கை இனிப்பு தானியத்துக்குள்ளேயே இருக்கிறது. கேழ்வரகை இரவு முழுவதும் ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி முளைவிடச் செய்யும்போது, அதில் உருவாகும் 'அமைலேஸ்' என்னும் நொதி மாவுச்சத்தைச் சிதைத்து இனிப்பாக்குகிறது. முளைவிட்டதை நன்கு உலர்த்தி, அரைத்து, சலித்துக்கொள்ளலாம். அந்த மாவைத் தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, சிறுதீயில் கிளறி வேகவைத்தால் கூழ் லேசான இனிப்புடன் நெகிழ்வாக இருக்கும். மாவை முன்னதாக நன்கு வறுத்துவிட்டால் நொதி செயலிழந்துவிடும்.

இந்த நெகிழ்வுக்கு இன்னொரு பயனும் உண்டு. சாதாரணக் கூழ் கெட்டியாகிவிடுவதால் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்கிறோம். வயிறு நிறைகிறது, ஊட்டம் குறைகிறது. முளைதானிய மாவைச் சிறிதளவு சேர்த்தாலே கெட்டிக் கூழ் இளகிவிடும் என்பதைப் பரோடா பல்கலைக்கழகத்தில் தாரா கோபால்தாஸ் தலைமையிலான ஆய்வுகள் 1980-களில் காட்டின. ஆவியில் வெந்த நேந்திரம்பழம், மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பரங்கிக்காய் ஆகியவற்றுக்கும் வெளி இனிப்பு தேவையில்லை. குழைய வெந்த பருப்பு, முட்டை போன்றவையும் படிப்படியாகச் சேர வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் ஆகும் செலவு குறைவு. ஆகும் நேரமோ அதிகம். பொருளியலில் இதனை வாய்ப்புச் செலவு என்போம். 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் மகப்பேறு விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. அதில் 8 வாரங்களைப் பிரசவத்துக்கு முன் எடுத்துக்கொண்டால், பின்னர் எஞ்சுவது 18 வாரங்களே. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத விடுப்பு கிடைக்கிறது. நான் வாழும் அம்பத்தூரிலும், ஆவடி, பூந்தமல்லியிலும் தனியார் ஆலைகளில் பணிபுரியும் தாய்க்கோ, கூழ் ஊட்டத் தொடங்க வேண்டிய வேளையில் விடுப்பு முடிந்துவிடுகிறது. விளம்பரத்தில் மயங்கி அவர் டப்பாவை வாங்குவதாகச் சொல்வது நியாயமன்று. தம்மிடம் இல்லாத நேரத்தையே அவர் விலைகொடுத்து வாங்குகிறார்.

எனவே, தாய்மார்களுக்கு அறிவுரை கூறுவதுடன் நம் கடமை முடிந்துவிடாது. அங்கன்வாடிகளில் தரப்படும் சத்துமாவில் வெல்லம் கலந்திருக்கிறது. கைக்குழந்தைகளுக்கென வெல்லம் சேர்க்காத முளைகட்டிய தானிய மாவை அரசு தனியாக வழங்கலாம். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் எனவும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கு சென்றுவரலாம் எனவும் அதே திருத்தம் கூறியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் பல இந்த வரம்புக்குள் வருவதில்லை. அவற்றுக்கெனப் பொதுக் காப்பகங்களும், அங்கே கூழைச் சூடாக்கி ஊட்ட ஒரு சிறு சமையலறையும் அமைப்பது தொழிற்பேட்டைக்குப் பெருஞ்சுமை ஆகாது.

தானியம் முளைக்க ஒரு நாள் போதும். கூழைப் பிள்ளைக்கு ஊட்டுவதற்கான அரைமணி நேரத்தைத் தாய்க்கு அளிப்பதே சமூகத்தின் பொறுப்பு.