கட்டுறவங்க சங்கமா... காசு கட்டுறவங்க சங்கமா?

அரக்கோணத்துல இருந்து தினமும் சென்னைக்கு ரயில்ல காலேஜ் போற பார்ட்டியா நீங்க? அப்போ தலைக்கு மேல விமானம் உறுமினாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டீங்க. பழகிப்போச்சு! ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளம் இங்கே வந்தது 1992-ல். கடற்படை ஹெலிகாப்டர் விமானிகள் பயிற்சி எடுக்கறதும் இங்கேதான். ஊரையே அதிரவெச்ச ரஷ்ய டியு-142 விமானங்கள் 2017-ல் ரிட்டயர் ஆகிட, இப்போ அமெரிக்க பி-8ஐ ரவுண்டு கட்டுது.

சரி, 'வேடிக்கை பார்த்தது போதும், நாமளே ஒண்ணு செஞ்சா என்ன?'னு எப்பவாவது தோணியிருக்கா? அதே ஆசை வந்த ஒரு கோஷ்டியோட கதை இது.

வீட்டுக்குள்ள பிறந்த பத்திரிகை

1953 ஜனவரி. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்துல பால் போபெரெஸ்னி என்பவர், சொந்தமா விமானம் கட்டுற பைத்தியம் பிடிச்ச சில பேரைக் கூட்டி ஒரு சங்கம் ஆரம்பிச்சார். பேரு, 'எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்'. சுருக்கமா இ.ஏ.ஏ. ஆபீஸ்? அவர் வீட்டு நிலவறை! கூடமாட வேலை பார்த்தவர் மனைவி ஆட்ரி.

'எக்ஸ்பெரிமென்டர்'ங்கிற பேர்ல சின்னதா ஒரு செய்தி மடல் போட்டாங்க. அதுதான் பிறகு 'ஸ்போர்ட் ஏவியேஷன்' என்ற மாதப் பத்திரிகையா வளர்ந்தது. இரும்புக் குழாயை எப்படி வெல்டிங் பண்றது, இறக்கைக்குத் துணியை எப்படி இழுத்துக் கட்டுறதுன்னு பக்கத்துக்குப் பக்கம் கைவேலைதான். 1955-ல் வேறொரு பிரபல பத்திரிகையில, '800 டாலருக்குள்ள எஞ்சினோட விமானம்' கட்டுறது எப்படின்னு போபெரெஸ்னி எழுத, கடிதங்கள் குவிஞ்சது. சங்கமும் வளர்ந்தது.

கூட்டம் சேர்ந்தா என்ன ஆகும்?

பழைய விமானப் பிரியர்கள் வந்தாங்க. போர் விமானப் பிரியர்கள் வந்தாங்க. வானத்துல குட்டிக்கரணம் போடுறவங்களும் வந்தாங்க. ஒவ்வொரு கோஷ்டிக்கும் தனித்தனிப் பிரிவு, தனித்தனிப் பத்திரிகை! 1970-ல் இருந்து வருஷாந்திரத் திருவிழா ஆஷ்காஷ் நகரத்துல. சமீப வருஷங்கள்ல ஆறு லட்சத்துக்கும் மேல கூட்டம். நம்ம திருத்தணி ஆடிக் கிருத்திகை மாதிரி, ஆனா காவடிக்குப் பதிலா விமானம்!

விமானம் கட்டுற வேலையும் மாறிடுச்சு. வரைபடத்தைப் பார்த்து மரத்தை அறுத்த காலம் போய், பாதி செஞ்ச பாகங்கள் பெட்டியில வர ஆரம்பிச்சது. பத்திரிகையிலும் வெல்டிங் குறைஞ்சு, பொதுவான விமானப் பயணக் கட்டுரைகள் கூடின. 2010 வாக்கில் பழைய உறுப்பினர்கள் வெளிப்படையாவே புலம்பினாங்க: 'இது எங்க பத்திரிகைதானா?' 2012-ல் தலைமையும் மாறி, செஸ்னா விமான நிறுவனத்தின் முன்னாள் தலைவர் ஜாக் பெல்டன் பொறுப்புக்கு வந்தார்.

அதுக்காக 'வளர்ந்ததே தப்பு'ன்னு சொல்லிட முடியாது, பாஸ். நம்ம ராஜாளி வந்த அதே 1992-ல் இ.ஏ.ஏ. ஆரம்பிச்ச 'யங் ஈகிள்ஸ்' திட்டத்துல, 8 முதல் 17 வயசுப் பசங்களை விமானிகள் இலவசமா ஏத்திட்டுப் போறாங்க. ரைட் சகோதரர்களின் நூற்றாண்டான 2003-க்குள்ள பத்து லட்சம் பேர் பறந்தாச்சு. நிலவறைச் சங்கமாவே இருந்திருந்தா, இது நடந்திருக்குமா? ஆனா, கட்டுறவங்க போயிட்டா மிஞ்சுறது வேடிக்கை பார்க்கிற கூட்டம் மட்டும்தானே!

நம்ம ஊர்ல?

மும்பை விமானி அமோல் யாதவ், வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு பேர் உட்காருற விமானம் கட்டினார். 2016 'மேக் இன் இந்தியா' கண்காட்சியில நாடே பார்த்தது. அதைப் பதிவு செய்ய 2017 வரை ஃபைலோட அலைய வேண்டியிருந்தது. தனி ஆளா மோதினா அப்படித்தான். கூட நிக்க ஒரு சங்கம் வேணும்ங்கிறது இதுக்குத்தான்.

நீங்க எடுத்த உடனே மொட்டை மாடிக்கு ஓட வேண்டாம். 2021 ட்ரோன் விதிகள்படி 250 கிராம் வரையுள்ள குட்டி ட்ரோனுக்கு பைலட் லைசென்ஸ் தேவையில்லை. ஆனா, ராணுவத் தளத்தைச் சுத்தி சிவப்பு மண்டலம்; அனுமதியில்லாம ஏத்தினா வம்பு. அதனால அரக்கோணம் பசங்க, டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காம எதையும் கிளப்பாதீங்க. காலேஜ் ஆடிட்டோரியத்துக்குள்ள தெர்மாகோல் கிளைடர் விடலாமே! மூக்கு தூக்கிக்கிட்டு விழுதா? முனையில ஒரு ஜெம் கிளிப் மாட்டிப் பாருங்க. எடை முன்னால நகர்ந்ததும் நேரா போகும்.

கிளப் ஆரம்பிச்சா நோட்டீஸ் போர்டுலயோ கையெழுத்துப் பத்திரிகையிலயோ ஒரு விதி வெச்சுக்கங்க: சீஃப் கெஸ்ட் போட்டோ எத்தனை வந்தாலும் சரி, 'இந்த மாசம் யார் என்ன செஞ்சாங்க, எங்கே ஒடைஞ்சது, எப்படி ஒட்டினாங்க'ன்னு ஒரு பக்கம் கட்டாயம் இருக்கணும். அந்தப் பக்கத்துக்கு எழுத ஆள் இருக்கிற வரைக்கும் உங்க கிளப் உயிரோட இருக்குன்னு அர்த்தம்!